பட்டியலில் விட்டுப்போன மூன்று எழுத்து

“இல்லை” என்று சொன்ன அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். கடிதத்தின் அடியில், இடது மூலையில், தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் முதலெழுத்துகளுக்குப் பக்கத்தில் என்னுடைய முதலெழுத்துகளும் சின்னதாக இருந்தன. யார் சொன்னது, யார் அடித்தது என்று தெரிவதற்காக எங்கள் ஆபீசில் இருந்த வழக்கம் அது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த மூலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

கடிதம் மூன்றே வரி. இன்னார் எங்கள் தோட்டத்தில் பிறந்ததற்கோ, அவருடைய தாயார் இங்கே வேலை செய்ததற்கோ எங்கள் பதிவுகளில் எந்தக் குறிப்பும் இல்லை. பதிவுகள் முழுவதும் கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்கப்பட்டன. இப்படிக்கு. அந்த ‘முழுவதும்’ என்ற சொல்லைப் பெரிய கிராணி சொல்லவில்லை. கடிதம் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது.

இன்னார் என்பது எங்கள் ஆயா. வயதான கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டத்தில் ஆயா என்பது ஒரு வேலை. பெற்றவர்கள் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற வரிசைக்கு, நின்று பேர் கொடுத்துவிட்டு ரப்பர் காட்டுக்குப் போனதும், கைக்குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு பெரிய கொட்டகை இருக்கும். ஆயாக் கொட்டகை. வரிசையாகத் துணித் தொட்டில்கள், ஓரமாகப் பால் காய்ச்சுகிற அடுப்பு. அதைப் பார்த்துக்கொள்கிறவள் ஆயா. ஜப்பான்காரன் போன பிறகு பிறந்தவள். அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தாள். அந்தக் கொட்டகையில் கிடந்து வளர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. நான் பாட்டிலைத் தொடவே மாட்டேனாம், மூன்று மாதம் என்னை இடுப்பைவிட்டு இறக்கியதே இல்லையாம். ஆபீசுக்கு வரும்போதெல்லாம் எல்லார் முன்னாலும் இதைச் சொல்லி என் மானத்தை வாங்குவாள்.

எண்பதுகளின் கடைசி அது. மலேசியாவில் கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் நடுவில் இருந்த எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களை எல்லாம் சாய்த்து, எண்ணெய்ப் பனையான செம்பனை போட்டாகிவிட்டது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். ஆள் குறைந்ததும் குழந்தைகளும் குறைந்தன. கொட்டகையை வருஷக் கடைசியில் மூடுவது என்றும், அந்தப் பக்கத்து லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, காலி செய்வது என்றும் முடிவானது. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் மலிவு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பம் போடக் குடியுரிமை உள்ளவர்களுக்கான நீல அடையாளக் கார்டு வேண்டும். ஆயாவிடம் இருந்ததோ குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு. இந்த மண்ணில் பிறந்தவள்தான். ஆனால் பிறப்புப் பத்திரம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவளுடைய சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டாள். அப்பா ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கப்பல் ஏறியவர், வரவில்லை. கோலசிலாங்கூர் பதிவு ஆபீசில் இருந்த மலாய்க்கார அதிகாரி பொறுமையாகத்தான் பேசினாராம். தோட்டத்திலிருந்து ஒரு காகிதம், இங்கே பிறந்து வளர்ந்தவள் என்று எழுத்தில் ஒரு அடையாளம், மாதக் கடைசிக்குள் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றாராம். அந்தக் காகிதத்துக்காகத்தான் ஆயா எங்களிடம் வந்தாள். நாங்கள் கொடுத்த காகிதத்தில் ‘இல்லை’ என்று இருந்தது.

கம்ப்யூட்டர் வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆபீசிலேயே ஏர்கோன் வைத்துக் குளிரூட்டிய ஒரே அறை அதற்குத்தான். தோட்டத்து மேனேஜரான துரையின் அறையில்கூட மின்விசிறிதான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். ஆயுத பூஜைக்குப் பெரிய கிராணி அதற்குத் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, ஒரு முழம் செவ்வந்திப் பூவும் போட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், அப்பாவும் கிராணி, தாத்தாவும் கிராணி. ஓய்வுபெற அவருக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. தான் போவதற்குள் கறையான் தின்ற பழைய புத்தகங்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம்.

அதற்காக இரண்டு பெண்களை வைத்தார்கள். நான் ஒருத்தி. இன்னொருத்தி என்னோடு படித்தவள். கடிதங்களும் செக்ரோலும், அதாவது ஆட்கள் பேர் பதிகிற புத்தகமும், ஆஸ்பத்திரிப் புத்தகமும் என் பங்கு என்று நானே எடுத்துக்கொண்டேன். ஆயாக் கொட்டகையில் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பால் என்று எழுதுகிற பால் புத்தகம், சுடுகாட்டுப் புத்தகம் போன்றவற்றை அவள் தலையில் கட்டினேன். அவள் அத்தனையும் அடித்து முடித்துவிட்டு, செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் கடைசியில் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின் மூன்று எழுத்து. அந்த மூன்று எழுத்தை நம் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். அது என்ன வகைக் கோப்பு என்று காட்டுவது அதுதான். கடிதங்களுக்கு எல்-டி-ஆர். செக்ரோலுக்கு சி-எச்-கே. ஆஸ்பத்திரிக்கு எச்-எஸ்-பி. என் தோழி ஆயாக் கொட்டகைக்கு ஏ-ஒய்-ஏ என்று வைத்திருந்தாள். அதைப் பார்த்து நான் சிரித்தேன்.

எல்லாம் உள்ளே போன பிறகு, கோலாலம்பூரிலிருந்து ஒரு சீனப் பையன் வந்து தேடுகிற புரோகிராம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். கோப்புகளை முதலில் ஒரு முறை அதுவே படித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தனக்கென ஓர் அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளும். பிறகு எந்தப் பெயரைக் கேட்டாலும் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லும். டிஸ்க்கில் இடம் குறைவு, எல்லாவற்றையும் அட்டவணையில் சேர்க்க முடியாது, எந்தெந்த வகை வேண்டும் என்று அவன் மலாயில் கேட்டான். பெரிய கிராணி அந்த நேரம் துரையோடு காட்டுக்குப் போயிருந்தார். இருந்தால் கேட்டிருக்கலாம். வரும்வரை காத்திருந்தும் கேட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. எல்-டி-ஆர், சி-எச்-கே, எச்-எஸ்-பி என்று ஒப்பித்தேன். மற்றதெல்லாம்? தேவையில்லை என்றேன். பால் புத்தகத்தை யார் தேடப் போகிறார்கள்? அந்தக் கொட்டகையில் கிடந்து வளர்ந்தவள் கேட்ட கேள்வி இது. லயத்திலிருந்து ஆபீசுக்கு வந்துவிட்டால் லயத்துக் காகிதம் கண்ணுக்குக் காகிதமாகத் தெரிவதில்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, அதைக் காரணமாகச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை.

ஆயா கேட்டு வந்த அன்று, அவளுடைய பெயரைத் தட்டினேன். அவள் பெரியவளாகிச் சம்பளத்துக்கு நின்ற பிறகு உள்ள பதிவுகள்தான் வந்தன. அதற்கு முந்தைய செக்ரோல்களைக் கறையான் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரிப் புத்தகத்திலும் இல்லை. லயத்துக் காம்பராவில், வீட்டு அறையிலேயே, பிறந்தவர்கள் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஏற மாட்டார்கள். அம்மாவின் பெயரைத் தட்டினேன். பூஜ்யம். பெரிய கிராணியும் என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தார். கடிதம் எழுதச் சொன்னார்.

கடிதத்தை வாங்கிக்கொண்டு ஆயா உடனே போகவில்லை. படிக்கத் தெரியாது, என்ன எழுதியிருக்கிறது என்று என்னையே சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“எந்தெந்தப் புத்தகத்தப் பாத்த?” என்றாள்.

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது என்றேன். குரலில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

“எத்தன புள்ளைய அந்தப் பால் பொஸ்தகத்துல எழுத வச்சேன் தெரியுமா? ஒன்னைய எழுத வச்சதே நான்தான். என்னைய எவளும் எழுதாமயா இருந்திருப்பா?” அவ்வளவுதான் சொன்னாள். கடிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. சைக்கிளில் ஆபீசுக்குப் போகும்போது கொட்டகை வாசலில் ஆயா பால் சட்டி கழுவுவதைப் பார்த்தேன். வழக்கமாக ஒரு வார்த்தை கேலி செய்வாள். அன்று தலை நிமிரவில்லை. கொஞ்ச தூரம் மிதித்துவிட்டு, சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றி நின்றுவிட்டேன். பால் புத்தகம். ஏ-ஒய்-ஏ. அதை அட்டவணையில் சேர்க்கவே இல்லையே. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்க்கவில்லை. நான் பார்க்கச் சொன்னதை மட்டும் பார்த்தது. ‘முழுவதும்’ என்று எழுதியவளும் நான். முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. வெட்கம் முதலில் வந்தது, அடுத்த நிமிஷமே கோபம். யார்மேல் என்று கேட்டால் அன்று சொல்லியிருக்க மாட்டேன்.

பெரிய கிராணியிடம் போய், அட்டவணையில் இன்னொரு வகையைச் சேர்க்க வேண்டும் என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அது கோலாலம்பூர்ப் பொடியன் போட்டுத் தந்தது, அதில் கை வைத்துக் குழம்பினால் துரைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். டிஸ்க்கில் இடமில்லை என்றார். இருக்கிறதா இல்லையா என்று போட்டுப் பார்த்தால்தானே தெரியும் என்றேன். அவரிடம் அப்படி எதிர்த்துப் பேசிய பெண் அந்தக் கந்தோரில் அதுவரை கிடையாது. ஆபீசை அவர் கந்தோர் என்றுதான் சொல்வார். மறுநாளும் போய் அதே இடத்தில் நின்றேன். அதற்கு மறுநாளும் நின்றேன்.

“பிள்ளை, இது உம்மட விளையாட்டுச் சாமான் இல்லை” என்றார் மூன்றாம் நாள். பிறகு பேனாவை மூடி வைத்தார். “சனிக்கிழமை கந்தோர் பூட்டின பிறகு செய்யும். முதல்ல எல்லாத்தையும் பிளாப்பியில எடுத்து வையும். பிழைச்சால் உம்மட பொறுப்பு.”

சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்கு எல்லோரும் போன பிறகு, மதியச் சோற்றை அவிழ்க்காமலேயே உட்கார்ந்தேன். பிளாப்பிகளில் எடுத்து வைக்கவே ஒரு மணி நேரம் போய்விட்டது. பிறகு அந்தப் புரோகிராம் எதை எதைப் படிக்க வேண்டும் என்று சொல்கிற சின்னக் கோப்பைத் திறந்தேன். அதில் நான் ஒப்பித்த மூன்று வகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. நான்காவது வரியாக ஏ-ஒய்-ஏ என்று அடித்தேன். மூன்று எழுத்து.

அட்டவணையைப் புதிதாகப் போடச் சொன்னேன். அது ஒவ்வொரு கோப்பாகப் பெயர் காட்டிக்கொண்டே போனது. அரை மணி நேரம் கழித்து நின்றுவிட்டது. இடமில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. சின்ன துரை யாருக்கும் தெரியாமல் போட்டு வைத்திருந்த விளையாட்டு ஒன்று இருந்தது. அதை அழித்தேன். திரும்பப் போடச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் தூரம் போய்த் திரும்பவும் அதே வரி.

அப்போதுதான் புரிந்தது. ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் ஒன்றை எடுக்க வேண்டும். செக்ரோலை எடுக்க முடியாது. ஆஸ்பத்திரிப் புத்தகம் சின்னது, எடுத்தாலும் பிரயோசனமில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை கடிதங்கள். துரை தினமும் கேட்கிற கடிதங்கள், தலைமை ஆபீசிலிருந்து வந்தவை, போனவை. அவற்றைத் தேட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் புரோகிராமையே வாங்கினார்கள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து எல்-டி-ஆர் என்ற வரியை அழித்தேன். வேலை போனால் போகட்டும், செரண்டாவில் தொழிற்சாலை இருக்கிறது என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன். அறையில் ஏர்கோனைத் தவிர யாரும் இல்லை.

இந்த முறை நிற்கவில்லை. மூன்றரை மணிக்கு முடிந்தது. ஆயாவின் அம்மா பெயரைத் தட்டினேன்.

பூஜ்யம்.

முக்காலியை எட்டி உதைத்தேன். அது சுவரில் போய் இடித்தது. பிறகு வேறு வழியில்லாமல், முதல்முறையாக, ஒரு பால் புத்தகக் கோப்பைத் திறந்து படித்தேன். என் தோழி இருந்ததை இருந்தபடியே அடித்திருந்தாள். தேதி, ஒரு எண், ஆணா பெண்ணா, எத்தனை நாள் பிள்ளை, எவ்வளவு பால். அடுத்த வரியில் இன்னோர் எண். பக்கம் பக்கமாக எண்கள்தான். ஒரு பெயர்கூட இல்லை.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். கொட்டகையில் முதன்முதலாகக் குழந்தையை விடும்போது கிராணி பெயர் கேட்டால் சொல்ல மாட்டார்கள். பெயர் வைத்திருந்தாலும் வைக்கவில்லை என்பார்கள். எழுதினால் கண் பட்டுவிடும், எழுத்தில் ஏறிய பிள்ளை தங்காது என்று பயம். அந்தக் காலத்தில் தங்காமல் போனவை அவ்வளவு. அதனால் கிராணிகள் பெற்றவளுடைய பெரட்டு நம்பரை, அதாவது ஆள் கணக்கில் அவளுக்குள்ள எண்ணை, எழுதிப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். என் அம்மாவும் என் பெயரைச் சொல்லியிருக்க மாட்டாள். நான் பெயரைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தேன், ஏதோ வெள்ளைக்கார துரை வீட்டுப் பிள்ளையைத் தேடுவதுபோல.

சைக்கிளை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். ஆயா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, உங்க அம்மா நம்பர் என்ன என்று கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பழைய பால் வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மரத்திலிருந்து பால் சேர்க்கிற தகர வாளி. அதில் அரிசி வைத்திருந்தாள். வாளிகள் மாறிப்போகாமலிருக்க ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி நம்பர் போட்டுக்கொள்வார்கள். தகரம் துருவேறியிருந்தாலும் புள்ளிகள் இருந்தன.

“முந்நூத்திப் பதினேழு” என்றாள், நான் பார்ப்பதற்குள்.

திரும்பி வந்து 317 என்று தட்டினேன். பதினொரு இடம். முதல் இடத்தில் எத்தனையாவது புத்தகம், எந்தப் பக்கம் என்று இருந்தது. அதன் கீழே: 317, பெண், நாற்பதாம் நாள், கால் டின் பால். தேதியும் இருந்தது. நாற்பது நாளைப் பின்னால் எண்ணினால் ஆயா பிறந்த நாள். அவளுக்கே தெரியாத நாள். அடுத்தடுத்து, பல் முளைத்தது, அம்மை போட்டது, கஞ்சிக்கு மாறியது. சில வருஷம் எதுவும் இல்லை. கடைசி வரி இப்படி இருந்தது: 317 இறந்தாள். பெண் பிள்ளை கொட்டகையில் தொட்டில் ஆட்டுகிறது. கூலி இல்லை, தினம் ஒரு குவளை பால்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வரி எழுதப்பட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. நான் அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். ஒன்பது வயதிலிருந்து இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளை ஆட்டிவிட்டவளைத் தெரியாது என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம், கம்ப்யூட்டரில் முழுவதும் தேடிப் பார்த்து.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே துரை வடிகால் சம்பந்தமாகப் போன மாதம் எழுதிய கடிதத்தைக் கேட்டார். பெரிய கிராணியே உட்கார்ந்து தேடினார். பூஜ்யம். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் போய் இரும்பு அலமாரியில் கையால் தேடி, இருபது நிமிஷத்தில் கடிதத்தை எடுத்துக்கொடுத்தேன். துரை போன பிறகு அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத வேண்டியதில்லை. திட்டி முடிக்கும்வரை நின்றேன். முடித்ததும், எத்தனையாவது புத்தகம், எந்தப் பக்கம் என்று குறித்து வைத்திருந்த துண்டுச் சீட்டை மேசைமேல் வைத்தேன். கம்ப்யூட்டரில் இருப்பது போதாது, அதிகாரிக்கு அசல் புத்தகம் வேண்டும், புத்தகங்கள் ஸ்டோரில் இருக்கின்றன, எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டதென்று வெயில் வந்ததும் அவற்றைக் கொளுத்தச் சொல்லியிருக்கிறீர்கள், சாவி உங்களிடம் இருக்கிறது. இதை ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் சீட்டைப் படித்தார். சாவியை எடுத்துக்கொண்டு தானே எழுந்தார்.

ஸ்டோரில் மரப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஆயாவையும் கூப்பிட்டுக்கொண்டேன். அவள் முந்தானையால் ஒவ்வொரு அட்டையாகத் துடைத்துக் கொடுக்க, நான் அட்டை நம்பரைப் பார்க்க, மூன்றாவது பெட்டியில் இரண்டு புத்தகங்கள் கிடைத்தன. ஓரங்களைக் கறையான் தின்றிருந்தது. நடுவில் எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் புத்தகத்தில் நாற்பதாம் நாள் வரி இருந்தது. இரண்டாவதில் கடைசி வரி. பெரிய கிராணி அதைக் கையில் வாங்கிக் கதவு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“இது என்ர எழுத்து” என்றார்.

அவர் சின்னக் கிராணியாக இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிது அது. ஒரு சிறுமி தொட்டில் ஆட்டுவதைப் பார்த்து எழுதியவர் அவர். முப்பது சொச்சம் வருஷம் கழித்து, அந்தச் சிறுமியைப் பற்றிக் குறிப்பில்லை என்று கையெழுத்துப் போட்டவரும் அவர். ஆயா அவரைப் பார்த்தாள், அவர் புத்தகத்தைப் பார்த்தார். நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

புதுக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும். மேலும் தேடிப் பார்த்ததில் சில குறிப்புகள் கிடைத்துள்ளன என்று ஆரம்பித்தார். நான் விசைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முந்தைய கடிதம் தவறு என்று எழுத வேண்டும், இல்லையென்றால் அதிகாரி இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எதை நம்புவார் என்று கேட்டேன். ஒரு கந்தோர் தான் பிழை விட்டதென்று எழுதுகிற வழக்கம் இல்லை என்றார்.

“முழுவதும் தேடலைங்க ஐயா. அந்த வார்த்தய நான்தான் போட்டேன். எந்தெந்தப் புத்தகத்தத் தேடணும்னு அந்தப் பையன்கிட்ட சொன்னதும் நான்தான்.”

அவர் முந்தைய கடிதத்தின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போனது.

“எழுதும்” என்றார்.

முந்தைய கடிதம் தவறானது, எல்லாப் பதிவுகளும் தேடப்படாமல் எழுதப்பட்டது என்று அடித்தேன். அதற்குக் கீழே அவராக இரண்டு வரி சேர்த்தார். இணைத்துள்ள புத்தகத்தின் கடைசிக் குறிப்பு என் கையால் எழுதப்பட்டது. அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், தேவையென்றால் நேரில் வந்து சொல்வேன். மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது, டை கட்டிக்கொண்டு, புத்தகங்களைப் பழைய நாளிதழில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆயாவோடு கோலசிலாங்கூர் பஸ் ஏறினார். அவர் ஆளோடு ஆளாகப் பஸ்ஸில் போனதை அன்றுதான் தோட்டம் பார்த்தது.

அட்டவணை விஷயத்தில் நாங்கள் ஒரு சமரசத்துக்கு வந்தோம். வாரநாளில் கடிதங்கள் இருக்கும். சனிக்கிழமை மதியம் நான் கடிதங்களை எடுத்துவிட்டு மற்றவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம், திங்கட்கிழமை துரை வருவதற்குள் பழையபடி மாற்றிவிட வேண்டும். அந்தப் பட்டியலை மாற்றி மாற்றி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

பதிவு ஆபீசுக்கு ஆயா அதற்குப் பின்னும் பலமுறை அலைந்தாள். கொட்டகையை மூடிவிட்டார்கள். தொட்டில் கயிறுகளை எல்லாம் அவிழ்த்து ஒரு மூட்டையாகக் கட்டினாள். பெரிய கிராணி ஓய்வுபெற்றுப் போய்விட்டார். ஒரு சனிக்கிழமை, மணி இரண்டு இருக்கும், கம்ப்யூட்டர் அறைக் கதவு திறந்தது. ஆயா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அதற்கு முன் அந்த அறைக்குள் அவள் வந்ததே இல்லை. இடுப்பிலிருந்து கார்டை எடுத்து விசைப்பலகைமேல் வைத்தாள். நீலம். வீட்டு விண்ணப்பம் போட்டுவிட்டு நேரே வருகிறாள் என்று தெரிந்தது, விரலில் ரேகை மை இன்னும் போகவில்லை.

நன்றி சொல்வாள், கன்னத்தைப் பிடிப்பாள், பாட்டில் கதையை ஆரம்பிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பச்சை எழுத்து ஓடுகிற திரையைப் பார்த்தாள்.

“வேற எதயெல்லாம் விட்டு வச்சிருக்க?” என்றாள்.

அதுவரை சனிக்கிழமைகளில் பால் புத்தகத்தைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தேன். வெளியே இன்னும் மூன்று வகை இருந்தன. சுடுகாட்டுப் புத்தகம். கப்பலில் வந்து இறங்கியவர்களின் புத்தகம். தோட்டத்தைவிட்டு விரட்டப்பட்டவர்களின் புத்தகம். என் தோழி அடித்துவிட்டுப் போனவை. ஒன்றையும் நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

லயத்தில் எழுத்தில் அடையாளம் இல்லாமல் இன்னும் சிவப்புக் கார்டு வைத்திருந்தவர்கள் யார் யார், அவர்களுடைய அம்மா நம்பர் என்ன, அப்பா எந்தக் கப்பலில் வந்தவர் என்று எல்லாம் ஆயாவுக்குத் தெரியும். அன்று நான் எட்டி உதைத்த முக்காலி சுவரோரமாக இருந்தது. அதை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கொட்டாயில இனிமே புள்ளைங்க இல்ல, எனக்கு நேரம் கெடக்கு. நீ திற, நான் நம்பர் சொல்றேன்.”

பட்டியலைத் திறந்து எல்-டி-ஆர் வரியை அழித்தேன். முதலில் விரட்டப்பட்டவர்களின் புத்தகத்தைச் சேர்த்தேன்.